எண் 732

ஒரு பட்டனை அழுத்திவிட்டு யாரும் இரண்டு விநாடிக்கு மேல் காத்திருப்பதில்லை. மூன்றாவது விநாடியில் மறுபடி அழுத்துவார்கள். நான்காவதில் திட்டுவார்கள். இணையப் பக்கம் செய்கிறவனுடைய பாதி வேலை இந்த இரண்டு விநாடிக்குள்தான். பக்கம் உண்மையிலேயே வேகமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வேகமாக இருப்பதுபோலத் தோன்றினால் போதும்.

விசாரணையில் நீங்கள் என் தொழில்பற்றி அதிகம் கேட்கவில்லை. மனைவியைப் பறிகொடுத்தவனிடம் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்பது உங்களுக்கு நாகரிகமாகப் படவில்லை என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது. இப்போது கேட்காமலே எழுதுகிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒற்றை அறை, அதுதான் என் அலுவலகம். ஒரு பல் மருத்துவர், ஒரு துணிக்கடை, கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி என்று எட்டு வருடத்தில் சேர்ந்த வாடிக்கையாளர்கள். எல்லோரும் லோகோவைப் பெரிதாக்கச் சொல்வார்கள். பெரிதாக்குவேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் என்பார்கள். நான் எதையும் தொடாமல், “இப்ப பாருங்க” என்பேன். “ஆங், இப்பதான் சரியா இருக்கு” என்பார்கள். நான் சொன்னால் நம்புவார்கள் என்பது அப்படித்தான் எனக்குப் பழகிப்போனது.

போன வருடம் அந்த ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் வேலை வந்தது. ஆறு வண்டிகள். போனில் கூப்பிடுவதோடு, இணையப் பக்கத்திலும் வண்டி கேட்க வசதி வேண்டும் என்றார் முதலாளி. அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். ஒரு மேசை, இரண்டு போன், ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்க ஊரின் வரைபடம். பகல் பணியில் இருந்த பெண்ணை டிரைவர்கள் ரேடியோ அக்கா என்று கூப்பிட்டார்கள். வண்டிக்குள் இருக்கும் கருவியில் அவர் குரல் வந்தால் தெருவுக்கே கேட்குமாம்.

“இது என்ன தம்பி, இனிமே போனே அடிக்காதா?” என்று கேட்டார்.

“அடிக்கும்க்கா. பேச முடியாதவங்க, லைன் கிடைக்காதவங்க இதுல போடுவாங்க. உங்க திரையில மணி அடிச்சு வரும்.”

“வராட்டி?”

“வரும்க்கா.”

“வர்றது வரட்டும். நான் நோட்டுலதான் எழுதுவேன். என் நோட்டுல இல்லைன்னா அது வரலைன்னு அர்த்தம்.”

வாசலில் நின்ற டிரைவர், “அக்கா நோட்டுல நாங்க டீ குடிக்கப் போனதுகூட இருக்கும்” என்றார்.

“நீ இன்னிக்கு மூணு தடவை போனதும் இருக்கு, போ.”

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

பக்கம் வேலை செய்தது. ஆனால் சர்வர் மெதுவானது. இரண்டு வாரத்தில் முதலாளி போன் செய்தார். “என்னப்பா, அமுக்கினா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. ஆபத்துல இருக்கறவன் அதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பானா? அடுத்த கம்பெனிக்குப் போயிடுவான்.” சர்வரை மாற்றுவது ஒரு வார வேலை. தோற்றத்தை மாற்றுவது ஒரு மணி நேர வேலை.

முறைப்படி பார்த்தால், பட்டனை அழுத்தியதும் கோரிக்கை சர்வருக்குப் போக வேண்டும். அங்கே பதிவாகி, பதில் வந்த பிறகுதான் பச்சை டிக் தோன்ற வேண்டும். நான் அழுத்திய கணமே டிக் வரும்படி மாற்றினேன். ‘உங்கள் கோரிக்கை கிடைத்தது. வண்டி புறப்படுகிறது.’ கோரிக்கை அதன் பாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த உத்தி. ஒரு படத்துக்கு விருப்பம் தெரிவித்தால் இதயம் உடனே சிவப்பது இப்படித்தான். சர்வர் ஏற்காவிட்டால் இதயம் சத்தமில்லாமல் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

ஏற்காவிட்டால் என்ன செய்வது என்று எழுத வேண்டிய இடத்தை நான் காலியாக விட்டேன். இரண்டு அடைப்புக்குறி, நடுவில் எனக்கு நானே எழுதிக்கொண்ட குறிப்பு: பிறகு பார்க்கலாம். இந்தக் குறிப்பு இல்லாத நிரலாளனை நான் பார்த்ததில்லை.

“பறக்குதுப்பா” என்றார் முதலாளி.

சில மாதம் கழித்து ஒரு கணக்கு எடுத்தேன். எத்தனை பேர் பட்டனை அழுத்தினார்கள் என்று ஒரு கருவி எண்ணும். எத்தனை கோரிக்கை பதிவாகியிருக்கிறது என்று டேட்டாபேஸில் நான் எண்ணினேன். அழுத்தியது 612. பதிவானது 605. ஏழு குறைந்தது. ஏழு பேர் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அன்று நான் இதை இப்படி நினைக்கவில்லை. ஒரு சதவீதம் என்று நினைத்தேன். வேலைப் பட்டியலில் ‘அவசரமில்லை’ என்று குறித்தேன். அந்தக் காலி இடத்தை நிரப்பப் பத்து நிமிடம் போதும். அந்த வாரம் துணிக்கடைப் பக்கத்தில் படங்கள் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதைச் செய்தேன்.

அந்த ஏழு பேர் யார், அவர்களுக்கு என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எண்ணும் கருவி பெயரைக் குறித்துக்கொள்வதில்லை.

அதிலிருந்து பத்தொன்பதாவது நாள் என் மனைவி இறந்தாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. பெரும்பாலும் இன்ஹேலருக்கு அடங்கிவிடும். அன்று மாலை 4:11க்குச் செய்தி வந்தது. “முடியலைங்க. மருந்துக்குக் கேக்க மாட்டேங்குது.” நான் எழுதினேன்: “யார்கூடவும் பேசாதே, மூச்சு வாங்கும். நம்ம பேஜ்ல வண்டி போடு.” 4:14க்கு அவள் திரையைப் படம் பிடித்து அனுப்பினாள். பச்சை டிக். கீழே, “போட்டாச்சு இன்ஜினியர் சார்.” அந்த மூச்சிலும் ஒரு கேலி. நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன்.

என் திரையில் துணிக்கடைப் பக்கம் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த ஜன்னலில் டேட்டாபேஸ் திறந்திருந்தது. ஒரு விரல் அசைத்தால் அவள் கோரிக்கை வந்ததா இல்லையா என்று தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. மறந்து போகவில்லை. ஏழு என்ற எண் நினைவில் இருந்தது. பார்த்தால் என் வேலையை நானே சந்தேகப்பட்டதாகிவிடும் என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு ஒரு விரல் அசைவு கனமாக இருந்தது. இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன்.

4:31க்கு, “வண்டி எங்க?”

“வந்துட்டிருக்கும்.”

அதன் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. துணிக்கடை வேலையை முடித்து ஏற்றிவிட்டு 4:40க்குக் கிளம்பினேன்.

வீட்டுக் கதவு தாழ் போடாமல் சாத்தியிருந்தது. வண்டிக்காரர்கள் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று அவளே திறந்து வைத்திருக்கிறாள். செருப்புப் போட்டுக்கொண்டு, கதவை ஒட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. அதில் பழைய மருந்துச் சீட்டுகள், போன் சார்ஜர், மருத்துவமனையில் இரவு தங்க வேண்டி வந்தால் எனக்கு மாற்றிக்கொள்ள ஒரு சட்டை.

நான்காம் நாள் காலையில் கூடத்தில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். அவருக்கு அவள் ஒரே மகள்.

“அவ போட்டிருக்கா. டிக் விழுந்திருக்கு. போன்ல நானே பார்த்தேன். அப்புறம் ஏன் வரல? யாரோ ஒருத்தர் விட்டிருக்கணும்ல மாப்பிள்ளை?”

“பார்க்கறேன் மாமா.”

“நீங்கதான் கண்டுபிடிக்க முடியும். எனக்கு வேற யாரு இருக்கா?” என் தோளில் கையை வைத்தார். வைத்த கையை அவர் எடுக்கவேயில்லை.

உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தேன். அவள் கோரிக்கை இல்லை. உண்மையைச் சொன்னால் மகளும் போய், மாப்பிள்ளையும் இல்லையென்று ஆகிவிடும், அந்த மனிதர் தாங்க மாட்டார் என்று நினைத்தேன். அவருக்காகத்தான் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். அந்தக் கை என் தோளிலிருந்து எடுக்கப்படுவதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அவள் இறந்த நாளில் 4:05க்கு வந்தது 731. 4:20க்கு வந்தது 733. நடுவில் 732 காலியாக இருந்தது. ஒரு கோரிக்கை சர்வர்வரை வந்து, பதிவாகாமல் பாதியில் நின்றுபோனால் எண்ணை மட்டும் வீணாக்கிவிட்டுப் போகும். அது அவளுடையதாகவே இருக்கலாம். அவளுக்குரிய எண்ணில்தானே அவளை வைக்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. பெயர், முகவரி, நேரம் 4:14. ஒவ்வொன்றாகத் தட்டினேன்.

கடைசியாக இரண்டு கட்டங்கள். திரையில் திறந்த நேரம். திறந்தவர். அவற்றை விட்டுவிட்டால், கோரிக்கை வந்தும் மணி ஏன் அடிக்கவில்லை என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி என்னிடம்தான் வரும். 4:16 என்று போட்டேன். திறந்தவர் என்ற இடத்தில் ரேடியோ அக்காவின் பணி எண்ணைப் போட்டேன்.

பிறகு நிரலில் காலியாக விட்ட இடத்தையும் ஒழுங்காக எழுதி முடித்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாற்றங்களின் பதிவில், ‘சிறு திருத்தங்கள்’ என்று குறித்தேன்.

நீங்கள் பதிவுகளைக் கேட்டபோது முதலாளி என்னிடம் தயங்கினார். “உனக்கு மனசு கஷ்டமா இருந்தா வேற ஆளை வச்சு எடுத்துக்கறேம்பா.” நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். இதை யாராவது திருத்தியிருக்க முடியுமா என்று நீங்கள் கேட்டீர்கள். “என்னைத் தவிர யாராலும் முடியாது சார்” என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள்.

அதன் பிறகு ரேடியோ அக்கா தன் நோட்டை உங்கள் முன் திறந்தார். 4:05க்கு ஒரு வரி. 4:20க்கு ஒரு வரி. நடுவில் ஒன்றுமில்லை.

“மணி அடிக்கல சார். அடிச்சிருந்தா எழுதியிருப்பேன். பதினாலு வருஷமா இதே மேசையில உக்காந்திருக்கேன்.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?” என்றார் முதலாளி.

அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ சொல்லு. வராமப் போறதுக்கு வாய்ப்பு இருக்கா இல்லையா?”

அறையில் இருந்தவர்களில் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இல்லக்கா” என்றேன். “வந்திருக்கு.”

அவருக்கு வேலை போனது. கவனக்குறைவால் மரணம் என்று நீங்கள் வழக்குப் போட்டீர்கள். எனக்கு எங்கே போனாலும் மரியாதை கிடைத்தது. வங்கியில் வரிசையை விட்டு முன்னால் அனுப்பினார்கள். பேருந்தில் தெரிந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ரேடியோ அக்கா என் வீட்டுக்கு வந்தார். கூட அவர் கணவர். கதவைத் திறந்த மாமா, யாரென்று தெரிந்ததும் ஒதுங்கி நின்றார். தெருவுக்கே கேட்கும் குரல் என்று சொன்னேன் அல்லவா, அடுத்த நாற்காலியில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன் தம்பி. மணி அடிச்சிருக்கும்னுதான் இப்பத் தோணுது. அடிச்ச மாதிரியே காதுல கேக்குது. நான்தான் எதையோ நினைச்சுக்கிட்டு விட்டுட்டேன் போல. வியாழக்கிழமை கோர்ட்டுல ஒத்துக்கப் போறேன். அதுக்கு முன்னாடி உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிடணும்னு வந்தேன்.”

அவர் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்கறாங்க. மணி அடிக்குது, மணி அடிக்குதுன்னு” என்றார்.

அடிக்காத மணியை அவருக்குக் கேட்க வைத்தது நான். அங்கேயே சொல்லியிருக்கலாம். மாமா நின்றுகொண்டிருந்தார்.

“பரவாயில்லக்கா” என்றேன். “நான் மன்னிச்சுட்டேன்.”

அவர் அழுதார். அவர்களை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பிய மாமா, “உங்களுக்குப் பெரிய மனசு மாப்பிள்ளை” என்றார். அன்று ராத்திரி அவர் பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.

இன்று புதன்கிழமை. இதை நேரில் கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறேன். கூடவே என் லேப்டாப்பும் இருக்கிறது. திருத்துவதற்கு முந்தைய நிரல் அதில் இருக்கிறது, காலி இடத்தோடு. 732ஐ எந்த நாள், எந்த நிமிடம் தட்டினேன் என்பதை டேட்டாபேஸின் உள்பதிவில் உங்கள் ஆட்கள் பார்க்கலாம். மாமாவிடம் நீங்கள் சொல்லும்போது நான் அங்கே இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இது கோழைத்தனம் என்று தெரியும்.

என் பழைய வாக்குமூலத்தில் கோடிட்டு அடிக்க வேண்டியவை இவை. கோரிக்கை வந்தது என்றது பொய். 4:16 பொய். ரேடியோ அக்கா திறந்தார் என்பது பொய். அவருடைய நோட்டில் இருப்பதுதான் உண்மை. நாளை அவரை ஒத்துக்கொள்ள விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அடிக்க வேண்டாம். அவரை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேனே, அது நான் மனதாரச் சொன்னது.