ஈயின் றெக்கையைப் பிடித்தவர்

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து சாப்பிடாததால் தூக்கம் வரவில்லை. கண்டக்டர் டிரைவரிடம் சொன்னார்:

“அண்ணே, கண் டாக்டர் ஈயோட றெக்கையைப் பிடிக்கச் சொல்றாரு. அது வெறும் படம்லா!”

“துறைமுகத்துக் கிரேன் வேலைக்கா?”

“ஆமாண்ணே. ஒரு கருப்புக் கண்ணாடி மாட்டிவிட்டாரு. வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஆடுமாம். இந்தக் கண்ணாடி ஒரு கண்ணுக்கு ஒரு பக்கமா ஆடுறதை மட்டும் விடுமாம், அடுத்த கண்ணுக்குக் குறுக்கே ஆடுறதை. ரெண்டு கண்ணும் வேற வேற படம் பார்த்துச் சேர்த்தா ஈ படத்தை விட்டு எழும்பி நிக்குமாம். எனக்கு எழும்பல. தூரம் தெரியாத கண்ணாம். வேலை இல்லைன்னுட்டாங்க.”

“காத்தைப் பிடிக்க வேண்டியதுதானே, மடையா! இந்த பஸ் ஓட்டுற வேலைக்கு வந்தப்போ எனக்கும்தான் எழும்பல. முன்னால போனவன் படத்துக்கு மேல காத்தைப் பிடிச்சான். நானும் பிடிச்சேன். நல்ல கண்ணுன்னு எழுதிட்டாங்க.”

சொல்லிக்கொண்டே ஒரு லோரியை முந்தினார். என் பக்கத்திலிருந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து கண்டக்டரைக் கூப்பிட்டார்.

“தம்பி, பெல்லை அடி. இறங்கணும்.”

“ஆன்டி, பந்திங் இன்னும் ரொம்பத் தூரம்.”

“எனக்குத் தூரம் தெரியுது தம்பி. நடந்தே போறேன்.”