ஆர்கன் முந்திக்கொண்ட இடம்

வெர்னெல்: தலையை ஆட்டாதீங்கக்கா. முடியை நேராக்குற சூட்டுச் சீப்பு. காதுல பட்டா நாளைக்குக் கம்மல் போட முடியாது.

ஒடெஸ்ஸா: நாளைக்கு நான் கோயிலுக்கு வந்தாத்தானே கம்மல்.

வெர்னெல்: என்ன பேச்சு இது... போதகர் போன ஞாயிறே அறிவிச்சாச்சு. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்களெல்லாம் முன் வரிசையில உட்காரப் போறாங்க. நீங்க உங்க கதையைச் சொல்லணும்.

ஒடெஸ்ஸா: சொல்லிச் சொல்லித் தேஞ்சுபோச்சு வெர்னெல். வேற யாரோ பெத்த பிள்ளையைப் பத்திப் பேசுற மாதிரி இருக்கு.

வெர்னெல்: கேக்கிறவங்களுக்கு அப்படி இல்ல. நம்ம கறுப்பு ஜனங்க எதை வச்சு இவ்வளவு தூரம் வந்தோம்? ஒருத்தி பட்டதை இன்னொருத்திகிட்டச் சொல்லித்தானே. நீங்க நின்னு சொன்னா இன்னொருத்தி நிமிர்றா.

ஒடெஸ்ஸா: நிமிர்றாளா?

வெர்னெல்: ...ஏன் இப்படிக் கத்துறீங்க? பின்னாலதானே நிக்கிறேன்.

ஒடெஸ்ஸா: காது மந்தமாயிட்டு வருது.

வெர்னெல்: போன வாரம் தெருக்கோடியில நான் உங்களைப் பத்தி முணுமுணுத்தது கேட்டுச்சே.

ஒடெஸ்ஸா: அது போன வாரம்.

வெர்னெல்: கண்ணாடி முன்னால நல்ல நாற்காலி இருக்கு. அதை விட்டுட்டு இந்த ஓட்டை நாற்காலியை இழுத்துக்கிட்டு, மாடி வீட்டுக்கும் சூட்டுக்காத்து ஏறுற குழாய்கிட்ட உட்கார்ந்துட்டீங்க. வேலை செய்ய வெளிச்சமே இல்ல.

ஒடெஸ்ஸா: மெம்பிஸ்காரி எலும்பு. இந்த டெட்ராய்ட் குளிர் இன்னும் பழகல... ரெனிட்டா எப்படி இருக்கா?

வெர்னெல்: இருக்கா. அட்லாண்டாவுல, என் தங்கச்சி வீட்டுல.

ஒடெஸ்ஸா: குழந்தை தவறினதுக்கு அப்புறம் உன் பொண்ணை நான் பார்க்கவே இல்ல.

வெர்னெல்: கோயிலுக்கு வந்தாளே, ஒரே ஒரு தடவை. நீங்க பேசின அன்னைக்கு. கடைசி வரிசையில இருந்தா.

ஒடெஸ்ஸா: அப்புறம்?

வெர்னெல்: அப்புறம்... அட்லாண்டா. குனியுங்க, பிடரி.

ஒடெஸ்ஸா: ம்.

வெர்னெல்: அக்கா... ஒண்ணு கேக்கட்டுமா? உங்க மகன் செட்ரிக்கைச் சுட்டுப் போட்ட அடுத்த ஞாயிறே எழுந்தேன்னு சொல்வீங்களே. எழுந்து என்ன பண்ணீங்க?

ஒடெஸ்ஸா: சொல்லியிருக்கேனே.

வெர்னெல்: சொன்னதே இல்ல. 'எழுந்தேன்'னதும் லூசியஸ் ஆர்கன்ல கை வச்சுடுவான். சனம் எழுந்து தட்டும், பரவசத்துல மயங்கி விழுறவங்களைத் தாங்க வெள்ளைக் கையுறை அம்மாக்கள் விசிறியோட ஓடிவருவாங்க. நானும்தான் ஆடியிருக்கேன். எழுந்து குளிச்சீங்களா? ஏதாவது சாப்பிட்டீங்களா?

ஒடெஸ்ஸா: முடி வாருறவளுக்கு எதுக்கு இதெல்லாம்?

வெர்னெல்: சும்மாத்தான்.

ஒடெஸ்ஸா: இது சும்மா கேக்கிற குரல் இல்ல. சரி. முதல் தடவை சொன்னேனே, அன்னைக்கு 'எழுந்தேன்'னு சொல்லிட்டு மூச்சு வாங்க நின்னேன். அந்த மூச்சுக்குள்ள லூசியஸ் புகுந்துட்டான்.

வெர்னெல்: அவன் எப்பவுமே அவசரக்காரன். பொண்ணு வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கிறப்பவே கல்யாணப் பாட்டை ஆரம்பிச்சவன்.

ஒடெஸ்ஸா: கூரையே அதிருது. போதகர் கண்ணுல தண்ணி. அதுக்கு நடுவுல நின்னு மிச்சத்தை எப்படிச் சொல்றது? அன்னைலேர்ந்து அந்த இடத்துலயே நிறுத்திக்கிட்டேன்.

வெர்னெல்: மிச்சம்னா?

ஒடெஸ்ஸா: எழுந்தேன். ஜன்னல் திரை விலகியிருந்துச்சு. இழுத்து மூடினேன். திரும்பப் படுத்தேன்... சீப்பு புகையுது வெர்னெல்.

வெர்னெல்: ஐயோ... மெதுவா சொல்லுங்கக்கா, வாசல்ல யாராவது இருந்தா...

ஒடெஸ்ஸா: கேக்கட்டும். குளிர்காலம் முழுக்கப் படுத்தே கிடந்தேன். அக்கம்பக்கத்துல சோள ரொட்டியும் கீரையும் கொண்டுவந்து வைப்பாங்க. தட்டு வச்சபடியே இருக்கும். என் வீட்டுக்காரர் எலைஜாதான் முகத்தைத் துடைச்சுவிடுவார். பல்லு விளக்கக்கூட என்னால முடியல.

வெர்னெல்: அப்ப அந்தக் குட்டை முடி? இந்த ஊருக்கு நீங்க அப்படித்தானே வந்தீங்க... துக்கத்தையே வெட்டி எறிஞ்சவங்கன்னு நாங்கள்லாம் நினைச்சோம்.

ஒடெஸ்ஸா: தலையணையில கிடந்து கிடந்து சிக்கு விழுந்து, கோரைப்பாய் மாதிரி ஆயிடுச்சு. சீப்பு இறங்கல. எலைஜா சமையல்கட்டுக் கத்தரியை எடுத்துட்டு வந்தார். அழுதுக்கிட்டே வெட்டினார். நான் அழக்கூட இல்ல. நீங்க அதுக்கு ஸ்டைலுன்னு பேர் வச்சீங்க.

வெர்னெல்: பாதிப் பேர் அதே மாதிரி வெட்டிவிடச் சொல்லி என்கிட்ட வந்தாங்க.

ஒடெஸ்ஸா: உனக்கு நல்ல வியாபாரம்.

வெர்னெல்: விளையாடாதீங்கக்கா... பின்னே எப்படித்தான் எழுந்தீங்க?

ஒடெஸ்ஸா: தெரியல. உண்மை அதுதான். ஒரு நாள் காலைத் தரையில ஊன்றினேன். மறுநாள் ஊன்றல. ஒரு நாள் ரெண்டு வாய் சோளக்கஞ்சி இறங்குச்சு. ஒடிஞ்ச எலும்பு எந்த நாள் கூடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? படுத்துக் கிடந்தவ ஒண்ணும் கோழை இல்ல வெர்னெல். செத்துப்போகாம இருந்தாளே. அன்னைக்கு அவளால ஆன வேலை அதுதான்.

வெர்னெல்: இதை நாளைக்குச் சொல்லுங்க.

ஒடெஸ்ஸா: கை தட்ட இதுல இடமே இல்லையே.

வெர்னெல்: லூசியஸ் கையை நான் பிடிச்சுக்கறேன். நீங்க சொல்லுங்கக்கா. கெஞ்சிக் கேக்கறேன்.

ஒடெஸ்ஸா: யாருக்காக?

வெர்னெல்: முன் வரிசையில அம்மாக்கள்...

ஒடெஸ்ஸா: யாருக்காகடி?

வெர்னெல்: ...அன்னைக்குக் கோயில்லேர்ந்து வந்தவ கோட்டைக்கூடக் கழட்டாம படுத்தா. 'ஒடெஸ்ஸா ஆன்ட்டி அடுத்த ஞாயிறே எழுந்துட்டாங்க, நான் அந்த ரகம் இல்லம்மா'ன்னா. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. நேத்து அவ தலையைத் தொட்டேன். ஊர் தலையெல்லாம் வாருறவ நான்... என் பொண்ணு தலையில சீப்பு இறங்கல. அட்லாண்டா இல்லக்கா.

ஒடெஸ்ஸா: எண்ணெயையும் அகலப் பல் சீப்பையும் எடு. கத்தரி வேணாம். விரலாலயே மெல்ல மெல்ல எடுத்துடலாம்.

வெர்னெல்: இருங்க, மாடிப்படிக்கு எங்கே போறீங்க? பாதித் தலை நேர்முடி, பாதித் தலை சுருட்டை... இந்தக் கோலத்துலயா? அட்லாண்டா இல்லைன்னுதானே சொன்னேன். அவ எங்கேன்னு நான் சொல்லவே இல்லையே.

ஒடெஸ்ஸா: போன வாரம் இந்தக் குழாய் வழியா மேலே கட்டில் கிரீச்சிட்டது கேட்டுச்சு. இப்பவும், 'திரும்பப் படுத்தேன்'னு சொன்னேன் பாரு, அப்ப மறுபடி கேட்டுச்சு. என் காதுக்கு ஒரு குறையும் இல்ல. இவ்வளவு நேரம் நான் பேசினது உன்கிட்ட இல்லடி.