தொண்ணூற்றாறு விழுக்காடு

இப்பேரவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே! எழுத்தெழுத்தாய் எனக்குக் கணினி நிரல் எழுதக் கற்பித்த பேராசிரியப் பெருமக்களே! பிள்ளைகளின் பட்டத்தைப் பார்க்க விடுப்பெடுத்து வந்திருக்கும் தாய்மார்களே! கணினி அறிவியலில் முதுநிலை முடித்து, கறுப்பு அங்கிக்குள் வியர்த்து அமர்ந்திருக்கும் இளையோரே! அனைவருக்கும் என் வணக்கம்.

சாதித்த முன்னாள் மாணவன் என்று எனக்கொரு கேடயம் தந்தீர்கள்; கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்கு நான் உரியவன்தானா? உரியவள் ஒருத்தி இருந்தாள்.

வகுப்பில் அவளுக்குப் பெயர் 'கமா'. யாருடைய நிரலில் ஒரு கமா விடுபட்டாலும், எட்டிப் பார்த்த மாத்திரத்தில் விரல் வைத்துவிடுவாள். சிரிக்கிறீர்கள், நாங்களும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவள் மேசைக்குத்தான் ஓடினோம்.

இறுதியாண்டில் இருவரும் சேர்ந்து ஆய்வு செய்தோம். நெஞ்சின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நுரையீரலில் நோய் உண்டா, இல்லையா என்று சொல்லும் நிரல். ஆயிரமாயிரம் படங்களைக் காட்டிப் பழக்கினோம். தனியே எடுத்துவைத்த படங்களால் சோதித்தோம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி! துறையே துள்ளியது, தோழர்கள் தோளில் தட்டினார்கள்.

வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில், ஆய்வகத்தில் அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"சோதனைக்கு வச்சதுல பத்துக்கு ஒம்போது, ஏற்கெனவே பழக்கின படம்டா. அதையெல்லாம் எடுத்துட்டு மறுபடி ஓட்டினேன். எழுபத்தொண்ணுதான் வருது."

கேள்வித்தாளை முன்பே பார்த்தவன் தேர்வில் வென்றதைப் போல வென்றிருந்தது எங்கள் நிரல். படங்களைப் பிரித்து வைத்தவன் யார்? நான்!

"இப்ப யாரு பாக்கப் போறா? பட்டம் வாங்கிட்டுத் திருத்திக்கலாம்" என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "நீயே போய்ச் சொல்லு. சொல்ல மாட்டேன்னா என் பேரை எடுத்துடு."

எடுத்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பெயரை அழிக்கக் கை வந்தது!

புதிய ஆய்வுக்கு இன்னோர் ஆண்டு ஆகும் என்றது துறை. தந்தை படுத்த படுக்கையாகிவிட்ட வீட்டில் அவளுக்கு அந்த ஓராண்டு வாய்க்கவில்லை. அவள் பட்டமின்றிப் போனாள். நான் பதக்கத்தோடு போனேன்.

திருத்தினேனா என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்பது காதில் விழுகிறது. இல்லையம்மா. வேலை வந்தது; மறந்தேன். ஒரு சிறு மருத்துவமனை அந்த நிரலைக் கேட்டது, கொடுத்தேன். ஈராண்டு கழித்து, அங்கே படம் எடுக்கும் ஊழியர் என்னைத் தேடி வந்தார். லாரி ஓட்டுநர் ஒருவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறது என் நிரல். எட்டு மாதம் கழித்து நோய் தெரிந்தபோது, காலம் கடந்திருந்தது. அவர் இறந்துவிட்டார்.

கமாவைத் தேடிப் போனேன். ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் கற்பித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள், திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "அவங்க வீட்ல சொல்லிட்டியா?"

சென்ற வாரம் சொன்னேன். ஓட்டுநரின் மனைவி கதவைச் சாத்தவில்லை; உட்காரச் சொன்னார். பிறகு, "ஒண்ணுமில்லைன்னு சொன்ன அன்னைக்கு அவரு எவ்வளவு சந்தோஷமா வீட்டுக்கு வந்தாரு தெரியுமா?" என்றார். அதற்கு உங்களிடம் விடை இருக்கிறதா?

இளையோரே! உங்கள் திரையில் தெரிவது எண்ணா? இல்லை. இருமுகிற ஒருவர்! காத்திருக்கிற ஒரு மனைவி! கணக்கு தவறலாம், கருவி தவறலாம், கற்றவனும் தவறலாம். தவறென்று தெரிந்தும் வாய்மூடி இருக்கலாமா? அச்சத்தால் இருக்கலாமா? அவசரத்தால் இருக்கலாமா? பட்டத்துக்காக இருக்கலாமா?

மருத்துவமனை அந்த நிரலை நிறுத்திவிட்டது. அது பார்த்த படங்களையெல்லாம் மருத்துவர்கள் மீண்டும் பார்க்கிறார்கள். என் பட்டத்தை மறு ஆய்வுக்கு எடுக்கும்படி இன்று காலை அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்தக் கேடயத்தை இம்மேசை மீதே வைத்துவிட்டு இறங்குகிறேன்.

கைதட்ட வேண்டாம். பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. வணக்கம்.