அக்கரைக்குப் போனவர்

நான் தேநீர் அருந்துவதில்லை, ஐயா. தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் வாங்கியவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். தங்கள் காவல் நிலையத்து ஏட்டும் சற்றுமுன் சிரித்தார். மேலும், காலையில் நீராடி, திருநீறு அணிந்து, ஒரு பதிகமேனும் முழுமையாகப் பாடி முடிக்காமல் நாவில் எதையும் வைப்பதில்லை என்பது என் இளமை முதலான வழக்கம். இன்று இன்னும் பாடவில்லை. ஆகையால் அந்தக் குவளையை எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

என் தங்கையின் கணவரைப் பற்றித் தாங்கள் கேட்டதற்கு ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும் என்னைப் பற்றித் தவறான எண்ணம் ஏற்பட்டுவிடலாகாது. சற்று முன்னிருந்து தொடங்க அனுமதி வேண்டும்.

என் பெயர் ஆறுமுகசாமி. மீனாட்சிபுரத்தில் ஒரு சிறு பள்ளியில் தமிழ் கற்பித்துவந்தேன். பள்ளியைத் தம் செலவில் நடத்தியவர் ஒரு நிலக்கடலை வியாபாரி. சென்ற ஆண்டு, அதாவது முப்பத்தொன்றாம் ஆண்டில், கடலையின் விலை அடியோடு சரிந்தது. அவர் பள்ளியை மூடிவிட்டார். கடலை விலை வீழ்வதற்கும் பிள்ளைகள் நீதிநூல் ஓதுவதற்கும் என்ன தொடர்பு என்று அன்று எனக்கு விளங்கவில்லை. வேலை தேடிப் புறப்பட்ட பின்னர்தான் விளங்கியது. கோயில்களில், பாடுவதற்கு ஆள் வேண்டும், கொடுப்பதற்கு நெல் இல்லை என்றார்கள். கடைகளில் வேலையில் இருந்தவர்களையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கொல்லங்கோட்டில் ஓர் அரிசி ஆலையின் முதலாளி, என் கல்வியைப் பற்றி நான் கூறியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாரே, நெல்லு பாட்டெல்லாம் கேக்காதுங்க. மூட்ட தூக்குவீங்களா?" என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூட்டையைத் தூக்கியும் பார்த்தேன். அதன்கீழ் நான் விழுந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் பொறுக்க அரிதாக இருந்தது.

நான் மணம் செய்துகொள்ளாதவன். பெற்றோர் மறைந்தபின் என் தங்கை கமலாத்தாளை வளர்த்து, பொள்ளாச்சியில் நல்லதம்பி என்பவருக்கு மணம் முடித்துக் கொடுத்தேன். அவர் ஒரு பஞ்சு ஆலையில் கணக்கெழுதிவந்தார். அந்த ஆலையும் நின்றுபோய், வைகாசியில் கைக்குழந்தையோடு இருவரும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நல்லதம்பியைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. இதைத் தாங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். என்னை விழச்செய்த அதே ஆலையில் அவர் போய் நின்றார். நாலு நாள் கூலிவேலை கொடுத்தார்கள். எங்கே போனாலும் அவருக்கு நாலு நாள் வேலை கிடைத்தது. வீடு திரும்பி, என் பதிகங்களைத் தாளம் தப்பிப் பாடிக் குழந்தையைத் தூங்கவைப்பார். குழந்தையும் தூங்கிவிடும்.

ஆடி மாதத்தில் வண்டிக்காரர் குப்பண்ணன் ஒரு செய்தி கொண்டுவந்தார். மலைமேல் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலையை விட்டுப் போய்விட்டானாம். தோட்டத்துத் துரை சந்தைநாளன்று, தேயிலைப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் மலையடிவாரத்துக் கிட்டங்கிக்கு இறங்கி வருவார். உச்சிப்பொழுதுவரை அங்கே இருப்பார். அதற்குள் வருபவர்களில் ஒருவரைத் தேர்ந்துகொள்வார். நாங்கள் இருவரும் ஒரே மூச்சில் "நான் வருகிறேன்" என்றோம். குப்பண்ணன் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"தொரைக்கு ஒத்த ஆளுதான் வேணுமாமுங்க. நீங்க ரண்டு பேரும் ஒட்டிப் பொறந்திருந்தாத்தான் தோதாகும்."

அன்று மாலை உணவு பரிமாறும்போது கமலாத்தாள் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, ஒரே ஊட்டுல இருந்து ரண்டு பேரு போயி ஒரே கதவத் தட்டறது நல்லாவா இருக்குது?"

"தட்டறதுக்கு என்ன, கமலா? தொறக்கறவன் பாத்துக்குவான்" என்றார் நல்லதம்பி. பிறகு என் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "மச்சான், எனக்குக் கெடைச்சுதுன்னு வெச்சுக்குங்க, நீங்க எங்கயும் அலைய வேண்டாமுங்க. எங்ககூட மலைக்கே வந்துருங்க. பாட்டுப் பாடிக்கிட்டு, கொழந்தயப் பாத்துக்கிட்டு, சும்மா இருங்க போதும்."

அந்தச் சொற்களில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் எவ்வளவோ ஆராய்ந்து பார்த்தேன். உரைகாரர்கள் ஒரு செய்யுளைப் பிரிப்பதுபோல் பிரித்துப் பார்த்தும் அன்புதான் மிஞ்சியது. நான் சோறூட்டி வளர்த்த பெண்ணின் வீட்டில், அவள் கணவரின் உழைப்பை உண்டு, தொட்டில் ஆட்டிக்கொண்டு இருக்கும் ஒருவனை அந்தச் சொற்களுக்குள் கண்டேன். துரை அவரைத்தான் தேர்வார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

சந்தைநாளன்று குப்பண்ணன் எங்களை ஆற்றை நோக்கிப் பிரியும் பாதையில் இறக்கிவிட்டுத் தம் வழியே சென்றார். கிட்டங்கி ஆற்றுக்கு அப்பால் இருந்தது. துறையில் நீர் செம்மண் நிறத்தில், நுரையின்றி, ஓசையின்றி, பாய் விரித்ததுபோல் கிடந்தது. கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு மலையாளி, புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றி இரு கைகளாலும் பிடித்தபடி எங்களைக் கடந்து போனான். போகும்போதே சொன்னான்: "நடுவில் ஒழுக்குண்டு கேட்டோ. நல்ல ஒழுக்கா."

மலையாளத்தில் ஒழுக்கு என்றால் நீரின் வேகம். ஆளை இழுத்துப் போகும் வேகம். தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பேச்சில் அது கூரையிலிருந்து சொட்டுவது. பழைய நூல்களில் அதற்கு நன்னடத்தை என்னும் பொருளும் உண்டு. ஒரே சொல் மூன்று இடங்களில் மூன்று முகம் காட்டுவதை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

நல்லதம்பிக்கு மலையாளம் தெரியாது. அவர் சிரித்தார்.

"என்னுங்க மச்சான் சொல்றான்? ஒழுக்குங்கறானா? ஆறு என்ன, நம்ம ஊட்டுக் கூரையா?"

"ஆமாங்க மாப்ள" என்றேன். "ஒழுக்குன்னுதான் சொல்றான்."

ஐயா, இந்த விடையில் பொய் இருந்தால் தாங்கள் எடுத்துக் காட்டலாம்.

"அப்ப சொட்டுத் தண்ணிதான். எறங்கிரலாமுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். நான் இன்னும் பதிகம் பாடவில்லை என்றும், அவர் முன்னே போகட்டும் என்றும் சொன்னேன். "மெதுவா வாங்க. உங்குளுக்கு முந்தித் தொரைகிட்டப் போயி நிக்கமாட்டேன், பயப்படாதீங்க" என்றார். அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அக்கரையில் எனக்காகக் காத்துத்தான் நின்றிருப்பார்.

நான் கரையில் அமர்ந்து, கண்களை மூடிப் பாடத் தொடங்கினேன். பாதிப் பதிகத்தில் "மச்சான்" என்று ஒரு குரல் கேட்டது. மீண்டும் ஒருமுறை கேட்டது. பாட்டின் ஓசையோடு அது பொருந்தவில்லை. இறைவன் புகழை இடையில் முறிப்பது பெரும் பிழை என்று கற்றவன் நான். இறுதிப் பாட்டுவரை ஒரு சீரும் தவறாமல் பாடி முடித்துக் கண் திறந்தேன். நீர் முன்போலவே பாய் விரித்ததுபோல் கிடந்தது.

துறைக்கு மேற்கே, நடந்து போகும் தொலைவில் ஒரு மரப்பாலம் உண்டு. அது எனக்கு முன்பே தெரியும். அவர் கேட்கவில்லை.

கிட்டங்கியை அடைந்தபோது துரை புறப்பட ஆயத்தமாக இருந்தார். என் கல்வியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டல் கழித்தல் கேட்கவில்லை. அவருடைய தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்கு மலையாளம் வருமா?"

வரும் என்றேன். "நல்லது. புதுக் கூலி எல்லாம் மலையாளம். பழைய கூலி எல்லாம் தமிழ். நடுவிலே பேச ஆள் வேணும். காலையிலே நாலு பேர் வந்தது. கணக்கு நல்லா தெரியுது, மலையாளம் தெரியாது. போ சொல்லிட்டேன்" என்றார்.

கணக்கு நன்றாகத் தெரிந்து, மலையாளம் தெரியாதவர்கள். எனக்குத் தலை சற்றுச் சுற்றியது. காலையிலிருந்து ஒன்றும் உண்ணாததால் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும், கமலாத்தாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். "அவிய எங்கீங்கண்ணா?" என்றாள்.

"மாப்ள அக்கரைக்குப் போயிட்டாரு, கமலா."

எங்கள் பக்கத்தில் அக்கரை என்றால் கடல் தாண்டிய சீமை என்றும் பொருள் கொள்வார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கொழும்புக்குங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா?"

"எதுவரைக்கும் போறாருன்னு எங்கிட்டயும் சொல்லல."

இதிலும் பொய் இல்லை. வேலை கிடைக்காத வெட்கத்தில், வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கப்பலேறியவர்கள் அந்த ஆண்டில் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆகவே ஊரார் நம்பினார்கள். அவளும் அழுது முடித்து நம்பினாள்.

ஆவணியில், ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊரார் ஓர் உடலைக் கரையேற்றிப் புதைத்ததாகக் கேள்விப்பட்டேன். அடையாளம் சொல்ல ஆள் தேடினார்களாம். நான் போகவில்லை. போயிருந்தால் கமலாத்தாளின் நெற்றியில் குங்குமம் தங்கியிருக்காது. இருபது வயதில் அவளுக்கு வெள்ளைச் சேலை உடுத்தியிருப்பார்கள். அவளுக்கு நான் காத்துக்கொடுத்தது அந்தக் குங்குமம். தோட்டத்துக்கு அவர்களையும் என்னுடன் அழைத்துப் போனேன். என் சம்பளத்தில் அவளும் குழந்தையும் ஒருநாளும் பசித்திருக்கவில்லை. மலையில் குளிர் என்று குழந்தைக்குக் கம்பளிச் சட்டை வாங்கினேன்.

வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்து முருகன் கோயிலுக்கு அவள் என்னை அழைத்துப் போவாள். "கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கறவிய நல்லா இருக்கோணும்னு பாடுங்கண்ணா. நீங்க பாடுனா சாமி கேக்கும்" என்பாள். பாடினேன். ஒரு வெள்ளியும் தவறவில்லை. ஒருமுறையும் குரல் நடுங்கவில்லை. அவள் கண்ணை மூடி, குழந்தையின் கைகளைத் தன் கைகளுக்குள் சேர்த்துக் கும்பிடுவாள். அந்த நேரங்களில் என் நெஞ்சில் ஏதோ ஒன்று உடைந்து உடைந்து விழும். பக்தியின் உருக்கம் என்று கொண்டேன்.

போன தை மாதத்தில் தேயிலை விலையும் விழுந்தது. தோட்டத்தில் பாதிப் பேரை இறக்கிவிட்டார்கள், என்னையும் இறக்கினார்கள். மீனாட்சிபுரத்துக்கே திரும்பினோம். நான் மறுபடியும் வேலை தேடி அலைவதைக் கமலாத்தாள் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு, முகம் மலர்ந்து சொன்னாள்:

"அண்ணா, நீங்க எதுக்குங்க இந்தச் செருமம் படறீங்க? அவிய இருக்கற எடத்துக்கே போயிரலாமுங்க. அங்க உங்குளுக்கும் ஒரு வேல அவிய பாத்து வெக்கமாட்டாங்களா? உங்க மேல அவியளுக்கு எத்தன பிரியம்னு எனக்குத் தெரியுமுங்க. எந்த ஊருன்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுக்கச் சொல்லிப் போலீசுக் கச்சேரியில போயிக் கேக்கறேன்."

அப்படித்தான் அவள் தங்களிடம் வந்தாள். தாங்களும் என்னை அழைத்தீர்கள். எந்தத் துறைமுகம் என்று கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பேன். எப்போது கடைசியாகப் பார்த்தாய் என்று கேட்டிருந்தால் ஆடிச் சந்தைநாளன்று என்றிருப்பேன். தாங்களோ, "நல்லதம்பி ஜீவனோடு உண்டோ?" என்று கேட்டுவிட்டீர்கள். அந்தக் கேள்வியில் இருபொருள் படும் சொல் ஒன்றுகூட இல்லை. நெடுநேரம் தேடிப் பார்த்தேன்.

இல்லை, ஐயா. அவர் உயிரோடு இல்லை. அந்த ஆற்றில், நான் பாடிக்கொண்டிருந்தபோது அவர் இறந்தார். அவரை இறக்கியது என் சொல், கொன்றவன் நான். இவ்வாறே எழுதிக்கொள்ளலாம், கையொப்பம் இடுகிறேன்.

வெளியே புளியமரத்தடியில் அவள் குழந்தையோடு நின்றுகொண்டிருக்கிறாள். ஊர்ப்பெயர் தெரிந்தால் இன்றைக்கே மூட்டை கட்டிவிட வேண்டும் என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். தங்களுக்குத் தமிழ் கேட்டால் விளங்குமே தவிரப் பேச வராது என்று ஏட்டு சொன்னார். அவளுக்கோ மலையாளம் இன்னும் வரவில்லை. தாங்கள் சொல்ல வேண்டியதைத் தங்கள் மொழியிலேயே சொல்லுங்கள், ஐயா. பக்கத்தில் நின்று, ஒரு சொல்லும் பிசகாமல், நானே அவளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்கிறேன்.