கால் மில்லிமீட்டர்

உன் வீட்டுக்காரரைப் போல ஒரு நல்ல மனிதரைப் பார்க்க முடியாது, தங்கச்சி. தேநீரில் சர்க்கரை போட மறந்தால்கூட, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு நான் கெடுதல் நினைப்பேனா? நீ கேட்டுவிட்டதால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பட்டறை வேலை உனக்குத் தெரியும். வரைபடத்தை பிலிமில் எடுத்து, பித்தளைத் தகட்டில் ஒளியால் பதித்து, அமிலத்தில் இறக்குவேன். வேண்டாத இடத்தை அமிலம் தின்றுவிடும். மிச்சம் நிற்பதுதான் மாதிரி ரயிலின் சன்னல் சட்டம், கைப்பிடி, ஏணி. ஒரே சங்கடம், அமிலம் பக்கவாட்டிலும் கொஞ்சம் கடிக்கும். அதற்கு ஈடாக ஒரு மயிரிழை கூட்டி வரைய வேண்டும்.

மாப்பிள்ளை கடிகாரம் பழுது பார்க்கிறவர். கண்ணும் கையும்தான் அவர் சொத்து. அவர் பொழுதுபோக்காகச் செய்த முதல் மாதிரி ரயில்பெட்டிக்கு நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் செய்து கொடுத்தேன். கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. நான் பக்கத்தில் நிற்கும்போதே ஒருவர் கேட்டார்: "இந்தச் சன்னலெல்லாம் எப்படிங்க செஞ்சீங்க?"

"அதெல்லாம் ஒரு பட்டறையில குடுத்து வாங்கினது. கோத்ததுதான் பெரிய வேலை" என்றார் மாப்பிள்ளை.

எனக்குக் கோபமில்லை. உண்மையைத்தானே சொன்னார். அன்றைக்கு உங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன், நீதான் பரிமாறினாய்.

அடுத்த பெட்டிக்கு வரைந்தபோது, பக்கச் சுவர்களுக்கு அந்த மயிரிழையைக் கூட்டவில்லை. கால் மில்லிமீட்டர் குறைந்தது. கொலையா செய்தேன்? கொஞ்சம் திண்டாடட்டும், பிறகு சேர்ந்து சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்தார். "மச்சான், மூலை சேர மாட்டேங்குது. அளந்து பாத்தேன், கால் மில்லி குறையுது."

அவர் கையிலிருந்த வெர்னியர் அளவுகோலை வாங்கி நிதானமாக அளந்தேன். "சரியாத்தான் இருக்கு மாப்பிள்ளை. நீங்க கோட்டைத் தப்பாப் படிக்கிறீங்க. வயசாகுதுல்ல, கண்ணை ஒரு தடவ காட்டிருங்களேன்."

அப்போதே சிரித்திருக்கலாம். ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், இன்னும் ஒரு வாரம் போகட்டுமே என்று தோன்றியது.

ஒரு வாரம் மூன்று வருடமானது. கேட்கும்போதெல்லாம் சலிக்காமல் புதுத் தகடு செய்து கொடுத்தேன், அதே அளவில். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். மாப்பிள்ளை டாக்டரை நம்பவில்லை, என்னை நம்பினார். அப்படிப்பட்ட நம்பிக்கையை உடைக்க யாருக்கு மனசு வரும்? மூன்று கண்ணாடி மாற்றினார். அப்புறம், "கை நடுங்குதா மச்சான்?" என்று நீட்டிக் காட்டினார். கல்லில் அடித்த ஆணி மாதிரி இருந்தது கை. "லேசா" என்றேன்.

ஒருநாள் வாடிக்கையாளர் கொண்டுவந்த பழைய கடிகாரத்தைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்தார். அந்த மாதக் கடைசியில் கடைச் சாவியையும் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டார். நீ அடுப்படியில் நின்று அழுதது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால்தான் அவரைத் தினமும் பட்டறைக்கு வந்து உட்காரச் சொன்னேன். தகடு துடைக்கிறார். அளக்க வேண்டியதையெல்லாம் நானே அளந்துகொள்கிறேன். யார் வந்தாலும், "எல்லாம் எங்க மச்சான் கைவண்ணம்" என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, குழந்தை தோற்றுவிடும்.

நேற்று நீயே வெர்னியரை எடுத்துத் தகட்டை அளந்துவிட்டாய். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆமாம், நான்தான் செய்தேன், ஒவ்வொரு தகட்டிலும். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அவருக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? இன்று காலை தகட்டைத் துடைத்துக்கொண்டே, "மச்சான், மணி என்ன?" என்று கேட்டார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார்.

சொன்னேன். சரியான நேரத்தைத்தான் சொன்னேன், தங்கச்சி. அதில் போய்ப் பொய் சொல்கிற ஆளா நான்?