மேஜர் பார்ஸ்னிப்பின் கண்சிமிட்டல்

நம் ஸ்டுடியோவில் என்னைப் போல் டீ போட ஆள் கிடையாது, மேடம். அது உங்களுக்கே தெரியும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வேண்டாம் என்று கேட்காமலே போட்டுவிடுவேன். குடித்த கோப்பைகளைப் பொறுக்கிவந்து கழுவுவதும் நான்தான். விஷயம் அந்தக் கோப்பைகளில்தான் தொடங்கியது, அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

மேஜர் பார்ஸ்னிப் என் பிள்ளை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, மீசையை முறுக்கிக்கொண்டு கேக் சுடுகிற வாத்துப் பொம்மை. களிமண்ணை உருட்டி அவனுக்கு முதல் மீசை வைத்தது இந்தக் கைகள்தான். பிரிஸ்டலில் எந்தக் குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தாலும் என் வயிறு குளிர்ந்துவிடும். அப்படியிருக்க, பெரிய படத்தில் அவன் மாடிப்படி இறங்கும் காட்சியை நீங்கள் மோர்வென்னாவிடம் கொடுத்தீர்கள். கார்ன்வாலிலிருந்து வந்த கெட்டிக்காரப் பெண். கலகலப்பானவள். நான் கோபித்துக்கொள்ளவே இல்லை. அன்று அவளுக்கு எலுமிச்சை கேக் வாங்கி வந்தவனே நான்தான்.

நம் வேலை உங்களுக்குத் தெரியாததா? வாத்தை மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம். நாளெல்லாம் முதுகொடிந்தால் திரையில் ஓரிரு நொடி தேறும். ஃபிலிம் லண்டனுக்குப் போய்க் கழுவி வந்தபிறகுதான் செய்தது சரியா தப்பா என்றே தெரியும். அதனால்தான் ஒருவர் வேலை செய்யும் இடத்தைச் சுற்றிக் கட்டிய கறுப்புத் திரைக்குள் இன்னொருவர் நுழையக் கூடாது என்று வைத்திருக்கிறோம். காலிக் கோப்பை எடுக்க வருபவனை மட்டும் யாரும் ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை.

டீ வேளையில் எல்லோரும் பிஸ்கட்டோடு வெளியே அரட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள். நான் அவள் திரைக்குள் போவேன். மேஜரைக் கொஞ்சம் அசைப்பேன், கேமராவில் ஒரே ஒரு படம் எடுப்பேன், அவனைப் பழையபடி நிறுத்திவிட்டு, படம் எண்ணும் முள்ளை ஒன்று பின்னால் திருப்பிவிடுவேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மறுநாள் போட்டுப் பார்த்தால், ஒழுங்காகப் படியிறங்கும் வாத்து நடுவில் ஒருமுறை வெடுக்கென்று துள்ளும்.

"மேஜருக்கு விக்கல் வந்துருச்சுப்பா, யாராச்சும் தண்ணி குடுங்க" என்பான் எடிட்டர் செட்ரிக். அறையே சிரிக்கும். முதலில் சிரிப்பவள் மோர்வென்னாதான். சில வாரம் கழித்து அவள் சிரிப்பு குறைந்தது.

"சரியாத்தானே வெச்சேன், கிளைவ். எப்படித் துள்ளுது?" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

"கை லேசா நடுங்குதோ என்னமோம்மா. எதுக்கும் டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிரு."

நான் சொன்னது அவ்வளவுதான். கூடத் துணைக்கும் போனேன். டாக்டர் பாவம், நல்லவர், நரம்புக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு கை நிஜமாகவே நடுங்கியது. இலையுதிர் காலத்தில் அவளே வந்து வேலையை விட்டுவிடுகிறேன் என்று உங்களிடம் அழுதாள். மாடிப்படி என்னிடம் வந்தது. பிரமாதம் என்று நீங்களே தோளில் தட்டினீர்கள்.

நேற்று கிறிஸ்துமஸ் விருந்து. ஆண்டு முழுக்கப் பாழான ஃபிலிம் துண்டுகளை ஒட்டிப் போட்டு, பழக் கேக்கைத் தின்றுகொண்டே சிரிப்பது நம் வழக்கம். செட்ரிக் மேஜரின் விக்கல் படங்களை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, வரிசை மாறாமல் ஒட்டியிருந்தான். படிகள் தாவின, சுவர் தாவியது, வாத்து மட்டும் தாவவில்லை. மேஜர் நிதானமாக நம் பக்கம் திரும்பி, இடது மீசையை முறுக்கி, கண்ணடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு கைதட்டல் நின்றது.

"கிளைவ், அந்தக் கண்ணடிப்பு உன்னுதுடா" என்றான் செட்ரிக்.

என்னுடையதுதான். மேஜரை அப்படிக் கண்ணடிக்க வைப்பவன் நான் ஒருவன்தான். நான் திட்டமிடவில்லை, மேடம். ஒருநாள் திரைக்குள் எங்கே விட்டேனோ, மறுநாள் அங்கிருந்தே தொடர்ந்திருக்கிறேன், அவ்வளவே. கைக்கு வந்த வாத்தைக் கன்னாபின்னாவென்று ஆட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வராது. பார்க்கப்போனால் நான் செய்த தப்பு அது ஒன்றுதான். ஆனால் எவ்வளவு அழகாக வந்திருந்தது, பார்த்தீர்களா? நீங்களும் சிரித்தீர்கள்.

மோர்வென்னாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொல்கிறீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். ஞாயிறுதோறும் சூப் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறவன் நான். கோப்பையைப் பிடித்து அவளுக்குக் குடிக்கக் கொடுப்பவனும் நான். "ஒங்கள மாதிரி நல்ல மனுஷன் உண்டா, கிளைவ்" என்கிறாள். அதைக் கெடுப்பானேன்?

போன ஞாயிறு அவளே கோப்பையைத் தூக்கிவிட்டாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. நான் அவள் விரல்களையே பார்த்தேன். "இப்ப லேசா ஆடுச்சே, பாத்தியாம்மா" என்று மெதுவாகச் சொன்னேன். உடனே கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அக்கறை உள்ளவர்கள்தானே, மேடம், இதையெல்லாம் கவனித்துச் சொல்வார்கள்?