பின்சக்கரத்துக்கு ஒரு ஸ்பிரிங்

ராமநாதபுரத்திலிருந்து புதுமடம் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஓர் இளம் தம்பதி. மனைவி நிறைமாதக் கர்ப்பிணி.

“முன்சக்கரம் இழுத்த காரைப் பின்சக்கரம் தள்ளுற மாதிரி மாத்தியாச்சு. இனி பின்னாடி ஸ்பிரிங் மட்டும் போட்டாப் போதும்” என்றார் கணவர்.

“கொஞ்சம் சாஃப்ட்டா வாங்குங்க மச்சான்.”

“வேகமா கிளப்புனா பின்பக்கம் அமுங்கும். ஹார்டானதுதான் தாங்கும்.”

“வண்டி தாங்கும். நான் தாங்கணும்ல? நம்மூரு ரோட்டுக்கு, புள்ள வழியிலயே பொறந்துரும்.”

அவர் சற்று யோசித்துவிட்டுக் கடைக்குப் போன் செய்தார். “அண்ணே, அந்தப் பந்தய ஸ்பிரிங் வேணாம். குடும்பத்தோட போற மாதிரி சாஃப்ட்டா எடுத்து வைங்க.”

மனைவி சிரித்தார்.

“அப்ப பிரசவத்துக்கு நம்ம கார்லயே போயிருவமா?” என்று கேட்டார் கணவர்.

“போறப்ப ஆட்டோ பிடிங்க. வாரப்ப, இன்ஷா அல்லாஹ், மூணு பேருமா உங்க கார்ல வருவோம்.”